நிறுத்தற்குறி இல்லாத வாக்கியம்: இணையத்தின் பயனும் அடிமைத்தனமும்

1. பொருளும் எல்லையும்

இணையம் நன்மையா தீமையா என்னும் வினா பட்டிமன்றத் தலைப்பாகப் பழகிப்போனதால், இரு அணியும் பேசி முடித்தபின் நடுவர் ‘அளவோடு பயன்படுத்தினால் நன்மையே’ என்று தீர்ப்புச் சொல்லி எழுந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பில் பிழை இல்லை. ஆயினும் அளவு என்பது எது, அதை அறிவிப்பது யார், அறிவித்த பின்னும் அங்கே நிற்க முடியாமற்போவது ஏன் என்னும் மூன்று வினாக்களையும் அது தொடாமல் விட்டுவிடுகிறது. இவ்வுரை அந்த மூன்றையுமே பொருளாகக் கொள்கிறது.

பழைய ஊடகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவிடம் இருந்தது. நாளிதழ் கடைசிப் பக்கத்தோடு முடிந்தது. திரைப்படம் ‘வணக்கம்’ என்னும் எழுத்தோடு முடிந்தது. நூலகம் மாலையில் கதவைச் சாத்தியது. தூர்தர்ஷன் இரவில் ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. ‘இத்துடன் போதும்’ என்று பயன்படுத்துபவருக்கு நினைவூட்டும் இத்தகைய இடங்களை உளவியலார் தனிக் கருத்தாக எடுத்துப் பேசுகின்றனர். தமிழில் அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. வாக்கியத்தில் எங்கே மூச்சு வாங்குவது, எங்கே முடிப்பது என்று காட்டும் நிறுத்தற்குறி என்னும் இலக்கணச் சொல்லே அதற்குப் பொருந்தும். இணையம் நிறுத்தற்குறிகளை நீக்கிய ஊடகம் என்பதும், அதன் பெரும்பயனும் பெருந்தீங்கும் இந்த ஒரே நீக்கத்தின் இரு விளைவுகள் என்பதும், ஆகவே தீர்வைக் கடிகாரத்தில் தேடுவதைவிட, நிறுத்தற்குறியைப் பயன்படுத்துபவர் கையில் திரும்பக் கொடுப்பதில் தேட வேண்டும் என்பதும் இவ்வுரை நிறுவ முயலும் கருத்து. இதற்கு முதன்மைச் சான்றாகத் தென்கொரியாவின் பட்டறிவும், ஒப்புநோக்குக்குத் தமிழ்நாட்டின் இணைய விளையாட்டுச் சட்டங்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. கேலியில் பிறந்த நோய்ப்பெயர்

1995ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் உளநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு ஏடு எழுதப்படும் நடையைக் கேலி செய்ய விரும்பி, ‘இணைய அடிமைக் கோளாறு’ என்னும் பெயரில் கற்பனை நோய் ஒன்றை உருவாக்கி, அதற்கு அறிகுறிகளையும் முறையாக வரிசைப்படுத்தி எழுதினார். விரல்கள் தட்டச்சு செய்வதுபோல் தாமாகவே அசைவதும் அவ்வறிகுறிகளுள் ஒன்று. எழுதியவர் சிரிப்பை எதிர்பார்த்தார். படித்தவர்களுள் சிலரோ அது தங்கள் நிலையே என்று சொல்லி உதவி கேட்டு வந்தனர்.

அதே காலத்தில் பென்சில்வேனியா மாநிலத்தில் உளவியலாளர் கிம்பர்லி யங் இப்பொருளைக் கேலியின்றி ஆராய்ந்து, 1996இல் டொராண்டோவில் நடந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டில் கட்டுரை படித்தார். 1998இல் 20 வினாக்கள் கொண்ட சோதனை ஒன்றையும் வெளியிட்டார். அவர் தம் அளவுகோலுக்கு மதுவையோ அபினியையோ முன்மாதிரியாகக் கொள்ளாமல், உடலுக்குள் எப்பொருளும் செல்லாமலேயே ஆளைப் பிடித்துக்கொள்ளும் சூதாட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. போதைப்பொருள் இல்லாமலும் அடிமைத்தனம் உண்டாகும் என்னும் கருத்து அந்தத் தேர்விலேயே அடங்கியிருக்கிறது.

பின்வந்த மருத்துவ வகைப்பாடுகள் எச்சரிக்கையோடு நடந்துகொண்டன. அமெரிக்க ஏட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் ‘இணைய விளையாட்டுக் கோளாறு’ என்பதை மேலும் ஆராயப்பட வேண்டிய நிலைகளின் பட்டியலில் மட்டுமே சேர்த்து, ஒன்பது அறிகுறிகளுள் ஐந்து 12 மாத காலத்தில் காணப்பட வேண்டும் என்று வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் திருத்தம், 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, ‘விளையாட்டுக் கோளாறு’ முறையான நோயாக இடம்பெற்றது. அதன் இலக்கணம் மூன்று கூறுகளைக் கொண்டது: விளையாட்டின்மீது கட்டுப்பாடு தளர்தல், மற்றக் கடமைகளையும் விருப்பங்களையும் தள்ளிவிட்டு விளையாட்டுக்கு மேன்மேலும் முதலிடம் கொடுத்தல், தீங்கு கண்கூடான பின்னும் தொடர்தல். இம்மூன்றில் எதுவும் மணிக்கணக்கைச் சுட்டவில்லை. ஒரு நாளில் 10 மணி நேரம் திரைமுன் அமரும் மென்பொருள் பணியாளர் நோயாளி ஆகாமல், அதிற்பாதி நேரமே அமர்ந்தும் தேர்வையும் உறக்கத்தையும் இழந்து, விட நினைத்தும் விட முடியாமல் தவிக்கும் மாணவர் நோயாளி ஆவது இதனால்தான்.

‘இணைய அடிமைத்தனம்’ என்னும் பொதுப்பெயர் இவ்விரு வகைப்பாடுகளிலும் இடம்பெறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இணையத்துக்கு அடிமையாவதும் இணையத்தின் வழியாக வேறொன்றுக்கு அடிமையாவதும் வேறுவேறு என்று பிரிட்டன் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸ் நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறார். கள்ளுக்கடைக்குப் போகிறவரைத் தெருவுக்கு அடிமை என்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் பழைய தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இதில் கடைகள் இரவிலும் சாத்தப்படுவதில்லை, நடப்பவரின் பின்னாலேயே கடை நகர்ந்து வருகிறது. பொதுப்பெயர் மருத்துவ ஏட்டில் இல்லாவிட்டாலும் மக்கள் வழக்கில் நிலைத்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

3. விரல் இழுப்பும் வெகுமதியும்

நிறுத்த முடியாமையை மனவலிமைக் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. நடத்தை உளவியல் காட்டுவது வேறு. பி. எஃப். ஸ்கின்னர், சார்ல்ஸ் ஃபெர்ஸ்டர் என்னும் இருவரும் 1957இல் வெளியிட்ட ஆய்வுநூலில், பொத்தானைக் கொத்தும் புறாவுக்குத் தானியம் எந்த முறையில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் நடத்தை எப்படி மாறுகிறது என்பது விரிவாகப் பதிவாகியுள்ளது. இத்தனை கொத்துக்கு ஒருமுறை என்று கணக்கு நிலையாக இருந்தால், தானியம் கிடைத்தவுடன் புறா சற்று ஓய்கிறது. எத்தனையாவது கொத்துக்குக் கிடைக்கும் என்று ஊகிக்க முடியாமற் செய்துவிட்டால் ஓயாமல் கொத்துகிறது. தானியம் அடியோடு நின்றுபோன பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கிறது. இதற்கு மாறுவிகித வலுவூட்டல் என்று பெயர். சூதாட்டப் பொறிகள் இந்த முறையிலேயே இயங்குகின்றன. பின்னர் 1990களில் வூல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களை ஆராய்ந்து, எதிர்பார்த்த வெகுமதி எதிர்பார்த்தபடி வரும்போது அவை பெரிதும் அசைவதில்லை என்றும், எதிர்பாராத வெகுமதி வரும்போதே துள்ளி எழுகின்றன என்றும் காட்டினார். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இந்த இடைவெளியை ‘எதிர்பார்ப்புப் பிழை’ என்பர்.

கைப்பேசித் திரையைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி இழுத்துவிடும்போது மேலே ஒரு சிறு வட்டம் சுழல்கிறது. அது சுழலும் ஓரிரு நொடிகளுக்குப் பின் நண்பரின் பாராட்டு வரலாம், பழைய படமே மீண்டும் வரலாம், எதுவும் வராமலும் போகலாம். வருவது உறுதியாயிருந்தால் விரல் ஒருமுறை இழுத்து ஓய்ந்துவிடும். வராது என்பது உறுதியாயிருந்தால் இழுக்கவே இழுக்காது. இரண்டுக்கும் நடுவில் வைக்கப்பட்டிருப்பதால்தான் அது திரும்பத் திரும்ப இழுக்கிறது. 2009இல் ஃபேஸ்புக் அறிமுகம் செய்த விருப்பக்குறி, பிறருடைய பாராட்டையே இத்தகைய வெகுமதியாக்கியது. அதற்கு முன்பே, 2006இல், ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவிலா உருட்டல் முறை ‘அடுத்த பக்கம்’ என்னும் பொத்தானைத் தேவையற்றதாக்கியிருந்தது. அந்தப் பொத்தான் வெறும் இடையூறாகவே அன்று தோன்றியது. உண்மையில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இன்னும் வேண்டுமா?’ என்று கேட்ட ஒரு நிறுத்தற்குறி அது. அதை நீக்கியதற்காக ராஸ்கின் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார்.

பணமும் ஒரு நிறுத்தற்குறியாக இருந்த காலம் உண்டு. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபின், தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பேருந்து நிலையங்களின் அருகே தோன்றிய பிரௌசிங் சென்டர்களில் அரைமணிக்கும் ஒருமணிக்கும் கட்டணம் வாங்கினார்கள். நேரம் முடிந்தால் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். 2016இல் ஜியோ வந்தபின் கட்டணம் வீழ்ந்து, நாளொன்றுக்கு இவ்வளவு என்னும் தரவுக்கணக்கு மட்டுமே எஞ்சியது. அந்தக் கணக்கில் பெரும்பகுதி தீர்ந்ததை அறிவிக்கும் குறுஞ்செய்தியே பலருக்கு அன்றைய நாளின் ஒரே நிறுத்தற்குறி. வீட்டில் வைஃபை வந்ததும் அதுவும் போய்விடுகிறது.

4. நிறுத்தமின்மையின் பயன்

இவ்வாறு நீக்கப்பட்ட நிறுத்தற்குறிகள் யாவும் மனிதருக்கு நன்மை செய்துகொண்டிருந்தவை என்று முடிவு செய்துவிடலாகாது. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேச ஐ.எஸ்.டி. பூத்தில் நின்ற தாயின் கண் எதிரே, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர் ஒன்று இருந்தது. நலம் கேட்டு முடிப்பதற்குள் எண் ஏறிவிடும் என்பதால் கேட்க நினைத்தவற்றுள் பாதியைக் கேட்காமலே வைத்துவிடுவதே அக்கால வழக்கம். அந்த மீட்டரும் ஒரு நிறுத்தற்குறிதான். அது நீங்கியதால் இன்று துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைப்பவர் தம் குழந்தை சோறு உண்பதை அலைபேசித் திரையில் உடனிருந்து பார்க்கிறார். வறியவர்மேல் விலையும் தூரமும் சுமத்திய நிறுத்தங்கள் அவை. அவற்றைத் திரும்பக் கொண்டுவர எவரும் விரும்பார்.

அறிவுத்துறையில் இப்பயன் இன்னும் தெளிவு. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் பணிபுரிந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, வெவ்வேறு நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் இலவசமாக வழங்கும் பணியாக வளர்ந்தது. அவர்களுட் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரே கட்டடத்தில் ஒரே படியாக இருந்த ஏடுகளும் அவற்றோடு போயின. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வருடியெடுத்து வைப்பதால், டொராண்டோவில் நள்ளிரவில் ஆய்வேடு எழுதும் மாணவி, யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய இதழ் ஒன்றை அந்நேரத்திலேயே படிக்க முடிகிறது. அங்கே விளக்கணைக்கும் நேரமும் இல்லை, எரிக்கத்தக்க ஒற்றைக் கட்டடமும் இல்லை.

அதே நள்ளிரவில் தம் கைப்பேசியில் வேறொரு மாணவர் பார்க்க விரும்பாத காணொளிகளை அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் திறந்திருப்பது ஒரே கதவு. நள்ளிரவில் அதைச் சாத்தினால் இருவரும் வெளியே நிற்பார்கள். தென்கொரியா சாத்தியே பார்த்தது.

5. தென்கொரியாவின் பத்தாண்டுச் சோதனை

1997ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின், தென்கொரிய அரசு அகன்ற அலைவரிசை இணையத்தை நாட்டின் மீட்சிக்கு வழியாகக் கருதி, 1999இல் ‘சைபர் கொரியா 21’ என்னும் திட்டத்தை அறிவித்தது. வேலையிழந்தவர்களுள் பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு, மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு விடும் ‘பீசி பாங்’ கடைகளைத் திறந்தனர். ‘பாங்’ என்றால் அறை என்று பொருள். 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் என்னும் போர் விளையாட்டு அவற்றை நிரப்பியது. 2000களின் தொடக்கத்தில் அத்தகைய கடைகள் 20,000ஐத் தாண்டின. மங்கிய வெளிச்சத்தில் வரிசையாகக் கணினிகள். இருந்த இடத்துக்கே வரும் ராம்யோன் நூடுல்ஸ் கிண்ணம். திரையின் மூலையில் எஞ்சிய நேரத்தைக் காட்டும் எண்கள். பகலா இரவா என்று தெரியாத உள்ளறை. 2005 ஆகஸ்டில் தேகு நகரின் இத்தகைய கடை ஒன்றில், ஏறத்தாழ 50 மணி நேரம் இடைவிடாமல் விளையாடிய 28 வயது இளைஞர் மாரடைத்து இறந்தார். திரை மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தும் அது அவரை நிறுத்தவில்லை என்பதை மறக்கலாகாது. நிறுத்தற்குறி இருப்பது ஒன்று, அதைப் படிக்கும் நிலையில் ஆள் இருப்பது மற்றொன்று.

கொரிய அரசு இதைக் காணாமல் இருக்கவில்லை. 2002லேயே இணைய அடிமைத்தனத் தடுப்புக்கான ஆலோசனை மையத்தைத் தொடங்கியது. கொரியச் சூழலுக்கேற்ற அளவுகோலை உருவாக்கி நாடு தழுவிய கணக்கெடுப்புகளைத் தொடர்ந்து நடத்தியது. இவற்றையெல்லாம்விட உலகின் கவனத்தை ஈர்த்தது 2011 மே மாதத்தில் நிறைவேறி அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம். 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் நுழைய முடியாதபடி நிறுவனங்களே தடுக்க வேண்டும் என்று அது விதித்தது. நள்ளிரவில் மாயம் கலையும் கதையை நினைத்து மக்கள் அதைச் ‘சின்ட்ரெல்லா சட்டம்’ என்றனர். அரசமைப்பு நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஏழு நீதிபதிகளுக்கு இருவர் என்னும் பெரும்பான்மையில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சட்டம் செல்லுபடியானது, நோக்கம் நிறைவேறவில்லை. பிள்ளைகள் பெற்றோரின் குடிமக்கள் பதிவெண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தனர். தடை கணினி விளையாட்டுகளுக்கே முதன்மையாகப் பொருந்தியது. கைப்பேசி விளையாட்டுகள் அதற்குள் கொண்டுவரப்படவே இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளிலேயே பிள்ளைகள் கணினியிலிருந்து கைப்பேசிக்கு மாறினர். உறக்கம் கூடியதா என்று ஆராய்ந்த மதிப்பீடுகளில் கிடைத்த பலன் மிகச் சொற்பமாகவே இருந்தது. 2012இல் 15 வயதுத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர், பன்னாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தபோது நள்ளிரவு நெருங்குவதை உணர்ந்து அவசரமாகத் தாக்கி ஆட்டத்தை இழந்தார். 2021இல் உச்சமாக ஒன்று நிகழ்ந்தது. குழந்தைகள் கட்டைகளை அடுக்கி வீடு கட்டி விளையாடும் மைன்கிராஃப்ட், பயனர் கணக்கு முறை மாற்றத்தாலும் இச்சட்டத்தாலும் கொரியாவில் மட்டும் 19 வயதுக்கு மேற்பட்டோர் விளையாட்டாக மாறியது. எதிர்ப்பு வலுத்தது, அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு சட்டத்தைக் கைவிட முடிவு செய்து, 2022 ஜனவரி 1 முதல் நீக்கியது. பெற்றோரோ பிள்ளையோ கேட்டால் அவர்கள் குறிக்கும் நேரத்தில் மட்டும் தடுக்கும் விருப்பமுறை எஞ்சியது. பிறர் வைத்த பூட்டு போய், வீட்டார் வைத்துக்கொள்ளும் தாழ்ப்பாள் நின்றது என்று இதைச் சுருக்கலாம்.

இச்சட்டம் தவறியதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. சோல் நகரில் ‘ஹாக்வான்’ எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்கள் இரவு 10 மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்றே தனி விதி இயற்ற வேண்டியிருந்தது என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்குப் பின் பயிற்சி நிலையத்தில் இருந்துவிட்டு 10 மணிக்கு வெளியே வரும் பிள்ளைக்கு, நள்ளிரவு வரை இரண்டு மணி நேரமே தனக்கென்று இருக்கிறது. படிப்புக்கு முடிவிடம் இல்லாத வாழ்வில் விளையாட்டுக்கு மட்டும் முடிவிடம் வைக்க முயன்றது சட்டம்.

கொரியர்கள் இந்தச் சோதனையிலிருந்து ஒரு சொல்லையும் மாற்றிக்கொண்டனர். முன்னர் ஆளப்பட்ட ‘ஜுங்டோக்’ என்னும் சொல்லுக்கு நஞ்சு தாக்குதல், அடிமையாதல் என்று இரு பொருளும் உண்டு. 2016 அளவில் அரசு ஆவணங்கள் கைப்பேசியைப் பொறுத்தவரை அச்சொல்லை விட்டு, ‘மிகைச்சார்பு’ எனப் பொருள்படும் சொல்லை ஏற்றன. நஞ்சை ஒழிக்கத்தான் வேண்டும், சார்பையோ தளர்த்தலாம். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10 முதல் 19 வயதினருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் மிகைச்சார்பு அபாயத்தில் இருந்தனர் என்பதால், சொல் மாறியதோடு சிக்கல் தீர்ந்துவிட்டது என்றும் கொள்ள முடியாது. சீனா 2021இல் சிறார்க்கு வெள்ளி, சனி, ஞாயிறு நாள்களிலும் விடுமுறையிலும் இரவு 8 முதல் 9 வரை மட்டும் விளையாட அனுமதித்ததும், ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குட்பட்டோர்க்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடுத்ததும், கதவைச் சாத்தும் முயற்சி இன்னும் ஓயவில்லை என்பதைக் காட்டுகின்றன.

6. காரணமா, விளைவா

இணையம் மனத்தைக் கெடுக்கிறதா, கெட்ட மனம் இணையத்தில் ஒதுங்குகிறதா என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் கிராவுட் குழுவினர் 73 வீடுகளைச் சேர்ந்த 169 பேருக்கு முதன்முதலாக இணையம் கொடுத்துத் தொடர்ந்து கவனித்து, மிகுதியாகப் பயன்படுத்தியவர்களிடம் வீட்டாரோடு பேச்சுக் குறைந்து தனிமையும் சோர்வும் சற்றுக் கூடின என்று 1998இல் அறிவித்தனர். அதே குழு 2002இல் வெளியிட்ட தொடர் ஆய்வில் அத்தீய விளைவுகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. கலகலப்பாகப் பழகுபவர்களுக்கு இணையம் நன்மையைக் கூட்டியது, ஒதுங்கியே இருப்பவர்களுக்குத் தனிமையைக் கூட்டியது என்னும் வேறுபாடு மட்டும் தென்பட்டது. 2019இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 3,50,000க்கு மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களுடைய மனநலத்தில் காணப்படும் வேறுபாடுகளில் எண்ணிமக் கருவிகளின் பயன்பாட்டால் விளக்கத்தக்கது அதிக அளவாக 0.4 விழுக்காடே என்றனர். உருளைக்கிழங்கு உண்பதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் கிட்டத்தட்ட இதே அளவினதாக இருந்தது. ஜொனாதன் ஹைட் முதலியோர் இதை மறுத்து, எல்லாரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சமூக ஊடகத்தால் மிகவும் பாதிக்கப்படும் பெண்பிள்ளைகள் அதில் மறைந்துவிடுகின்றனர் என்கின்றனர்.

இரு சாராரின் முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் இவ்வாறு கொள்ளலாம்: சராசரிப் பிள்ளைக்குத் தீங்கு சிறிது, ஏற்கெனவே சோர்வும் பதற்றமும் கவனக்குறைவும் தனிமையும் உள்ள பிள்ளைக்கு அது பெரிது. ஒரு நோயோடு மற்றொரு நோய் சேர்ந்திருப்பதை மருத்துவர் உடன்நிகழ் நோய் என்பர்; இணையத்தை விட முடியாமல் சிகிச்சைக்கு வருவோரிடம் இது பெரிதும் காணப்படுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்துவதற்கென 2014இல் தொடங்கிய ‘ஷட்’ மருத்துவப் பிரிவு போன்றவற்றின் நோக்கம் முற்றாக விலக்குவது அன்று. குடியை அறவே விடலாம், உணவை விட முடியாது. பாடமும் வங்கியும் பயணச்சீட்டும் இணையத்தில் இருக்கும்போது அது உணவின் பக்கமே சேர்கிறது. ஆகவே எந்த நேரத்தில், எந்த மனநிலையில் விரல் தன்னால் திரையைத் தேடுகிறது என்பதை நோயாளியே குறித்துவைத்து அறியவும், அந்த இடத்தில் வேறு செயலைப் பொருத்தவும் பழக்கும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை பரவலாகக் கையாளப்படுகிறது. அச்சிகிச்சையைப் பழைய வாக்கியத்தில் நிறுத்தற்குறியிடக் கற்பித்தல் என்றே வருணிக்கலாம்.

7. தமிழ்நாட்டில் நள்ளிரவு விதி

கொரியாவில் நீக்கப்பட்ட நள்ளிரவு விதி தமிழ்நாட்டில் வேறு பொருளில் மீண்டும் தோன்றியது. இணைய ரம்மியில் பணம் இழந்து கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகள் தொடர்ந்து வெளிவந்த சூழலில், முந்தைய தடைச்சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தபின், தமிழ்நாடு அரசு 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கைக்குப் பின் புதுச் சட்டம் இயற்றியது. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்பதால் அவற்றுக்கான முழுத்தடையை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறைகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நுழையத் தடை விதித்தன. ஜூன் மாதத்தில் நீதிமன்றம் அவை செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்ததால் அவற்றின் தேவை சுருங்கிவிட்டது.

நள்ளிரவுத் தடையைவிட, அந்த ஒழுங்குமுறைகளில் இருந்த வேறிரண்டு கூறுகள் இவ்வுரையின் நோக்கில் சிறந்தவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடுபவருக்கு, ஒவ்வொரு 30 நிமிடமும் அவர் செலவிட்ட நேரத்தையும் பணத்தையும் திரையில் எழுப்பிக் காட்ட வேண்டும் என்பது ஒன்று. நாள், வாரம், மாதம் என்று இவ்வளவுதான் செலவிடுவேன் என ஆடுபவர் முன்கூட்டியே வரம்பிட்டுக்கொள்ள வழிசெய்ய வேண்டும் என்பது மற்றொன்று. ஐ.எஸ்.டி. பூத்தின் சிவப்பு மீட்டர், வறியவரைத் துன்புறுத்தும் விலையாக அல்லாமல், தன்னை மறந்தவரைத் தட்டியெழுப்பும் நினைவூட்டலாக இங்கே திரும்பிவந்தது. தடைச்சட்டம் நிலைத்தாலும் மாறினாலும், பணமில்லா விளையாட்டுக்கும் காணொளிக்கும் நேரத்தை அளவாகக் கொண்டு பொருத்தக்கூடிய விதிகள் இவ்விரண்டே.

8. நிறைவுரை

நிறுத்தற்குறியை இடவேண்டியவர் யார் என்பது எஞ்சிய வினா. நிறுவனங்கள் தாமாக இடும் என்று நம்ப இடமில்லை. 2018இல் இன்ஸ்டகிராம், பின்தொடரப்படுபவர்களின் புதிய பதிவுகள் முடிந்த இடத்தில், எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது என்று தெரிவிக்கும் அறிவிப்பை வைத்தது. 2020இல் அதன் அடியிலேயே, பின்தொடரப்படாதவர்களின் பதிவுகளைப் பரிந்துரையாக அடுக்கத் தொடங்கியது. இட்ட முற்றுப்புள்ளி இரண்டே ஆண்டில் காற்புள்ளியாகிவிட்டது. பார்க்கும் நேரமே விளம்பர வருவாயாகும் தொழிலில் இது வியப்பன்று. ஆகவே தானே ஓடும் காணொளியைக் கேட்டாலன்றி ஓடாதபடி வைத்தல், உருட்டலுக்கு இடையில் பக்கமுடிவு வைத்தல் போன்றவற்றைச் சட்டம் வடிவமைப்பின்மீது விதிக்கலாம். பிள்ளையின் வயதின்மீதும் கடிகாரத்தின்மீதும் விதிப்பதைவிட அது பயனுடையது.

எனினும் வடிவமைப்பு மட்டும் போதாது என்பதற்குத் தமிழரின் படிப்பு வரலாறே சான்று. ஓலைச்சுவடியில் நிறுத்தற்குறி இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. இருந்தும் படித்தவர் எங்கே பிரிப்பது, எங்கே முடிப்பது என்று அறிந்தே படித்தனர். ஏனெனில் யாப்பு உதவியது, அதற்கும் மேலாக, பக்கத்தில் அமர்ந்து பாடம் சொன்ன ஆசிரியர் இருந்தார். அச்சு வந்து, கற்பிப்பவர் உடன் இல்லாமலே எவரும் படிக்கும் நிலை உண்டானபோதுதான் ஐரோப்பியக் குறிகள் தமிழுக்குத் தேவைப்பட்டன. சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் காலத்துப் பதிப்பாசிரியர்கள் சொல் பிரித்துக் குறியிட்டுக் கொடுத்ததால் பழைய நூல்கள் பொதுவாசகரை எட்டின. உடனிருந்து சொல்பவர் இல்லாவிடத்துக் குறி வேண்டும். குறி இல்லாவிடத்து உடனிருந்து சொல்பவர் வேண்டும். இன்றைய பிள்ளையின் கையில் உள்ள ஏட்டில் குறியும் இல்லை, இரவில் அதை வைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் எவரும் இல்லை. குறியை இடச்செய்வது அரசின் கடன். பக்கத்தில் அமர்வது வீட்டாரின் கடன்.